மாதாகோயில் ஏடுகளும் தோட்டத் தமிழர் குடிவழியும்

அரசர் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் கூறும். பேராக்கில் காடழித்து ரப்பர் வளர்த்த நம் பாட்டன்மார் வரலாற்றைக் கூறுவது யாது? தோட்டத்துச் செக்ரோல் எனின், அஃது ஆளைக் கூறுமேயன்றிக் குடும்பத்தைக் கூறாது. காலைப் பெரட்டுக்கு வந்தவர் பெயரும், வேலை நாளும், கூலியுமே அதிற் காண்பன. ஆள் நீங்கின் பெயரும் நீங்கும். கிராணித் தொழில் புரியும் நாம் இதனை நன்கறிவோம்.

குடும்பத்தைக் கூறும் ஏடு வேறொன்றுண்டு. ஞானஸ்நானத்திற்கும் விவாகத்திற்கும் ஏடு வைக்குமாறு 1563-ல் திரெந்து நகரிற் கூடிய கத்தோலிக்கச் சங்கம் குருமார்க்குக் கட்டளையிட்டது. 1614-ல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும் சேர்த்தது. பிரெஞ்சுக் குருமாரோடு அவ்வழக்கம் பேராக்கிற்கும் வந்தது. அவருள் ஒருவரான ஃபே பாதிரியார் 1880-ஆம் ஆண்டுகளில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றினார். 1896-ல் மலாக்கா மேற்றிராணியாராயினார். பின்னர் ஈப்போ சிலிபினில் தமிழர்க்கென லூர்து மாதா கோயில் எழுந்தது.

ஞானஸ்நான ஏட்டில் குழந்தையின் பெயரோடு தந்தை, தாய், ஞானப் பெற்றோர் பெயர்களும் நாளும் நிற்கும். பெண்மக்களை விட்டுக் குடிவழி கூறிப் பழகிய நமக்கு, தாயின் பெயரையும் கேட்டெழுதிய இவ்வேடு ஒரு பாடமன்றோ?

தேடப் புகுவோர் ஒன்று அறிதல் வேண்டும். லத்தீனில் எழுதிய ஏட்டில் சூசை யோசேப்புஸ் ஆவார், இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். மேலும், ஒருவர் விவாகத்தை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் ஏட்டோரத்திலும் குறித்தல் வேண்டுமென்பது 1908 முதல் விதி. அக்கோயில் வேற்றூரிலிருப்பின் செய்தி எழுதியனுப்பப்படும். ஆதலின், ஈப்போவில் நிகழ்ந்த மணத்தின் குறிப்பைத் திருச்சியைச் சார்ந்த சிற்றூர் ஏடொன்றில் காணவுங்கூடும். ஊர்ப்பெயர் மறந்த குடும்பங்கட்கு இஃதொரு பெருந்துணை.

குறையும் உண்டு. தமிழ்நாட்டுப் பழைய ஏடுகள் சிலவற்றில் ஜாதியும் குறிக்கப்பட்டது. முன்னோர் பெயரைத் தேடுவோம், ஜாதியைத் தேடோம். அன்றியும், தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் மாரியம்மன் கோயிலைச் சார்ந்தோர். அங்கே இவ்வாறு குடும்பம் எழுதும் வழக்கமில்லை. தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. லயத்தில் வாழ்ந்த முதியோரும் மறைந்து வருகின்றனர். அவர் நினைவொன்றே ஏடாக நிற்கும் குடும்பங்கள் எத்தனை!

பாதிரியார் செய்த பணியை நம் வீட்டிளைஞரே செய்தல் கூடும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பாட்டன் பெயரோடு பாட்டியின் பெயர், பிறந்த ஊர், வந்த ஆண்டு, உழைத்த தோட்டம் ஆகியவற்றைக் கேட்டெழுதுவாராக. கேட்டற்குரியோர் உள்ளபோதே அதனைச் செய்வாராக.