தோற்றுப்போன லீக் போட்ட கோடு

கூடைப்பந்தின் கதை – 12

1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். கூடைப்பந்தை எட்டிப் பார்த்தவர்களுக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும். அதே மாதத்தில் சிகாகோ மேஜர்ஸ் அணியின் டோனி ஜாக்சன் ஒரே ஆட்டத்தில் 12 முறை மூன்று புள்ளி வீச்சைக் கூடைக்குள் போட்டார். அதைப் பேசுவார் யாரும் இல்லை. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் ஒரு வீரர் அந்த 12-ஐத் தொட 2003-இல் கோபி பிரையன்ட் வர வேண்டியிருந்தது.

ஜாக்சன் ஆடியது என்.பி.ஏ.வில் அல்ல. அன்றைய என்.பி.ஏ.வில் எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டே புள்ளிதான். மூன்று கிடைத்த இடம் அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக், சுருக்கமாக ஏ.பி.எல். ஒரே ஒரு சீசனை மட்டும் முழுசாக ஆடி முடித்த லீக் அது. அந்த 1961-62 சீசன்தான் இந்த வாரக் கதை.

கைநழுவிய லாஸ் ஏஞ்சலஸ்

இந்த லீக்கைத் தொடங்கியவர் ஏப் சேப்பர்ஸ்டீன். லண்டனில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். ஐந்தேகால் அடி உயரம். வேடிக்கையும் வித்தையும் கலந்து ஆடி உலகம் சுற்றிய ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியின் முதலாளி. என்.பி.ஏ. தள்ளாடிய ஆரம்ப ஆண்டுகளில், அதன் ஆட்டம் நடக்கும் அதே மாலையில் அதே அரங்கில் குளோப்டிராட்டர்ஸும் ஆடுவார்கள். கூட்டம் வந்தது பெரும்பாலும் இவர்களைப் பார்க்கத்தான்.

அந்த உதவிக்குக் கைமாறாக லாஸ் ஏஞ்சலஸில் ஓர் என்.பி.ஏ. அணி தனக்குக் கிடைக்கும் என்று சேப்பர்ஸ்டீன் நம்பியிருந்தார். 1960-இல் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணி மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸில் போய் இறங்கியது. நீங்கள் தராவிட்டால் நானே ஒரு லீக் நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார் மனிதர்.

1961 அக்டோபர் கடைசியில் எட்டு அணிகளோடு ஏ.பி.எல். தொடங்கியது. கிளீவ்லாந்து பைப்பர்ஸ், கன்சாஸ் சிட்டி ஸ்டீர்ஸ், பிட்ஸ்பர்க் ரென்ஸ், சிகாகோ மேஜர்ஸ், வாஷிங்டன் டேப்பர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ஜெட்ஸ், சான் பிரான்சிஸ்கோ செயின்ட்ஸ், ஹவாய் சீஃப்ஸ். லீக்கின் ஆணையர் சேப்பர்ஸ்டீன். சிகாகோ அணியின் முதலாளியும் அவரே.

உயரத்துக்கு ஒரு மாற்று

சேம்பர்லின் அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரியாக 50 புள்ளிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார். உயரமானவர் வளையத்தின் கீழே நிற்பதும், மற்ற நால்வரும் அவருக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதுமே ஆட்டம் என்று ஆகிக்கொண்டிருந்தது. சேப்பர்ஸ்டீன் அதை இரண்டு பக்கமாக உடைத்தார். தாக்கும் வீரர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாத வளையத்தடிப் பகுதி என்.பி.ஏ.வில் 12 அடி அகலம்; அதை 18 அடியாக விரித்தார். உயரக்காரர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். அடுத்து, வளையத்திலிருந்து 25 அடி தள்ளி ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி. பேஸ்பாலின் ஹோம் ரன் போலக் கூட்டத்தை எழுப்பும் ஒரு வீச்சு வேண்டும் என்பது அவர் கணக்கு. நமக்குச் சொல்வதென்றால், கூடைப்பந்துக்கு ஒரு சிக்ஸர்.

யோசனை முற்றிலும் புதிதல்ல. 1945-இல் கொலம்பியா, ஃபோர்டாம் பல்கலைக்கழகங்கள் மோதிய ஓர் ஆட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஆனால் ஒரு தொழில்முறை லீக், சீசன் முழுக்க அந்தக் கோட்டோடு ஆடியது இதுதான் முதல் முறை.

கதவடைக்கப்பட்டவர்கள்

விதிகளை விடச் சுவாரசியமானவர்கள் அந்த லீக்கில் ஆடியவர்கள். பிட்ஸ்பர்க் அணியின் கோனி ஹாக்கின்ஸுக்கு அப்போது வயது 19. புரூக்ளின் தெருக்களில் ஆடி வளர்ந்தவர். 1961-இல் கல்லூரிக் கூடைப்பந்தை உலுக்கிய சூதாட்ட விவகாரத்தில் அவர் பெயரும் அடிபட்டது. அவர் மீது குற்றச்சாட்டு பதிவாகவே இல்லை. ஆனாலும் அயோவா பல்கலைக்கழகம் வெளியே அனுப்பியது, என்.பி.ஏ.வும் கதவைச் சாத்தியது. ஏ.பி.எல்.லில் அவர் சராசரி 27.5 புள்ளிகள். அந்த லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே. லஞ்சம் தர வந்தவர்களைப் பற்றிப் புகார் சொல்லவில்லை என்பதற்காக என்.பி.ஏ. ஒதுக்கிவைத்த டோனி ஜாக்சனுக்கும் புகலிடம் இந்த லீக்தான்.

கிளீவ்லாந்தின் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன் கறுப்பினத்தவர். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டவர். ஆனால் கறுப்பர் என்பதால் அங்கே அணியில் ஆட அவருக்கு இடமில்லை. பிறகு டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரி அணியை 1957, 58, 59 என்று வரிசையாக மூன்று ஆண்டுகள் தேசியச் சிறு கல்லூரிகள் போட்டியில் வெல்ல வைத்தார். அந்த அணியின் நட்சத்திரமான டிக் பார்னெட் இப்போது என்.பி.ஏ.வின் சிராகியூஸை விட்டுத் தன் பழைய குருவிடமே வந்து சேர்ந்தார். சிராகியூஸ் சும்மா விடவில்லை, வழக்குப் போட்டது. என்.பி.ஏ. தன் முதல் கறுப்பினப் பயிற்சியாளராக பில் ரஸ்ஸலை நியமித்தது 1966-இல். மெக்லெண்டன் அதற்கு ஐந்து ஆண்டு முந்தியவர்.

31 வயது முதலாளி

மெக்லெண்டனுக்கு வாய்த்த முதலாளி, கப்பல் தொழில் குடும்பத்திலிருந்து வந்த ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர். பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியை வாங்கி, பயிற்சியாளர்களைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றிய அதே ஸ்டைன்பிரென்னர்தான். அப்போது வயது 31. அணி தோற்றால் பொறுக்க மாட்டார். ஒரு வீரரை ஆட்டத்தின் இடைவேளையில் எதிரணிக்கே விற்றார் என்று ஒரு கதை உண்டு. சம்பளம் நின்றது. வீரர்கள் கொதித்தார்கள். மெக்லெண்டன் வீரர்கள் பக்கம் நின்றார். 1962 ஜனவரியில் பயிற்சியாளர் பொறுப்பை விட்டார்.

அதே மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ஜெட்ஸ் அணி கடையைக் கட்டியது. லேக்கர்ஸ் இருந்த ஊரில் இன்னோர் அணிக்குக் கூட்டம் சேரவில்லை. வேலை இழந்த அதன் பயிற்சியாளர் பில் ஷார்மனைக் கிளீவ்லாந்து அழைத்துக்கொண்டது. வாஷிங்டன் டேப்பர்ஸ் சீசன் நடுவிலேயே நியூயார்க்குக்கு ஜாகை மாற்றியது. சிகாகோவிலோ அந்த ஆண்டுதான் என்.பி.ஏ.வும் புதிய அணியை இறக்கியிருந்தது. ஹவாய்க்குப் போய் ஆட வேண்டும் என்றால் கலிஃபோர்னியாவிலிருந்து கடல் மேல் சுமார் 3,800 கிலோமீட்டர் பறக்க வேண்டும். வசூல் டிக்கெட்டில், செலவு விமானத்தில். இந்தக் கணக்கு எந்த ஊரிலும் நேராகவில்லை.

ஆட்டத்தில் மட்டும் குறை இல்லை. சீசன் முழுக்க ஓங்கி நின்றது கன்சாஸ் சிட்டி. ஏப்ரலில் நடந்த இறுதித் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் அதுவே வென்றது. ஐந்தில் மூன்று வென்றால் கோப்பை. மிச்சம் மூன்றையும் கிளீவ்லாந்து வென்றது. மெக்லெண்டன் சேர்த்த அணி, ஷார்மனின் கையில் கோப்பை. ஷார்மன் பின்னர் 1971-இல், பிற்பாடு தொடங்கிய இன்னொரு லீக்கான ஏ.பி.ஏ.வின் கோப்பையையும், 1972-இல் என்.பி.ஏ. கோப்பையையும் பயிற்சியாளராக வென்றார். மூன்று லீக்குகளில் அப்படி வென்றவர் அவர்.

ஆசை பெரிசு, கஜானா சிறிசு

ஸ்டைன்பிரென்னர் அத்தோடு நிற்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட் கல்லூரியின் நட்சத்திரம் ஜெர்ரி லூகாஸை ஒப்பந்தம் செய்தார். லூகாஸ் வருகிறார் என்றதும் பைப்பர்ஸைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள என்.பி.ஏ.வே முன்வந்தது. சேர்வதற்கான பணத்தை அவரால் புரட்ட முடியவில்லை. கோப்பை வென்ற சில மாதங்களிலேயே பைப்பர்ஸ் மறைந்தது. லூகாஸ் ஓர் ஆண்டு ஆடாமல் இருந்து, என்.பி.ஏ.வின் சின்சினாட்டிக்குப் போனார்.

மிஞ்சிய ஆறு அணிகளோடு இரண்டாம் சீசன் தொடங்கியது. 1962 டிசம்பர் 31 அன்று, பாதியிலேயே லீக்கை மூடினார் சேப்பர்ஸ்டீன். 1966-இல் அவர் இறந்தபோது அமெரிக்காவின் எந்தப் பெரிய லீக்கிலும் மூன்று புள்ளிக் கோடு இல்லை.

மறு ஆண்டு தொடங்கிய ஏ.பி.ஏ. அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டது. என்.பி.ஏ. 1979 வரை காத்திருந்தது. தொலைக்காட்சியில் பார்வையாளர் குறைந்து கவலைப்பட்ட காலம் அது. சர்வதேச ஆட்டங்களுக்கு 1984-இல் வந்தது. ஆட்களும் அப்படித்தான். ஹாக்கின்ஸ் வழக்குப் போட்டு, 1969-இல் சமரசமாகி, 27 வயதில்தான் என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தார். மெக்லெண்டன் பயிற்சியாளர் என்ற தகுதியில் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் ஏறியது 2016-இல், இறந்து 17 ஆண்டுகள் கழித்து. அரங்கு நிறைந்திருக்கும்வரை என்.பி.ஏ.வுக்குக் கோடும் தேவைப்படவில்லை, இவர்களும் தேவைப்படவில்லை. காலி நாற்காலிகளை நிரப்ப வேண்டிய கட்டாயத்தில்தான் சேப்பர்ஸ்டீன் இரண்டையும் உள்ளே விட்டார். பின்னாளில் என்.பி.ஏ. கோடு போட்டதும் அதே கட்டாயத்தால்தான்.

அடுத்த வாரம்: சிவப்பு, வெள்ளை, நீலப் பந்தோடு வந்த ஏ.பி.ஏ.வும், பிட்ஸ்பர்க்கில் கோனி ஹாக்கின்ஸின் மறுவருகையும்.

(தொடரும்)