ரெண்டு நாற்காலி: அட்லாண்டிக் சிட்டி, 1964

அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிகள் கூட்டும் தேசிய மாநாட்டை நம்மூர் கட்சி மாநாடு மாதிரி நினைத்துக்கொண்டால் பாதிதான் புரியும். கொடி, தோரணம், தலைவர் படம், பேண்டு வாத்தியம் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் அந்த மாநாட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் வருகிற பிரதிநிதிகள் ஓட்டுப்போட்டு வேட்பாளரை முடிவு பண்ண வேண்டும். அதனால் ஒரு வருசத்துக்கு முன்னாலேயே கட்சியின் தேசியக் குழு வேலையைத் தொடங்கிவிடுகிறது. எந்த ஊர், எந்த மண்டபம், எந்த மாநிலத்துக்கு எத்தனை ஓட்டு, யாருக்கு எந்த ஓட்டலில் அறை என்று திட்டமிடுகிறது. கூடவே சில குழுக்களை அமைக்கிறது. கொள்கை அறிக்கை எழுத ஒன்று, விதிகளுக்கு ஒன்று. இன்னொன்று சான்றுக் குழு. வந்திருப்பவர்களில் யார் உண்மையான பிரதிநிதி என்று இந்தக் குழுதான் சொல்லும். பத்திரிகைக்காரர்கள் இதைச் சாதாரணமாகக் கண்டுகொள்வதில்லை. ஊர்க்கூட்டத்தில் யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவில் நிற்கணும் என்று முடிவு செய்கிற இடம் எதுவென்று நமக்குத் தெரியும். அந்த இடம்தான் இது.

1964 ஆகஸ்ட் 24 முதல் 27 வரை ஜனநாயகக் கட்சியின் மாநாடு நியூஜெர்சி மாநிலத்தின் கடற்கரை ஊரான அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது. மொத்த ஓட்டு 2,316. போட்டி என்று எதுவும் இல்லை. கென்னடி கொல்லப்பட்டபின் ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன்தான் வேட்பாளர் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த முடிவுக்கு மாநாடு எதற்கு? தொலைக்காட்சிக்கு. நாலு நாளும் எந்த மணியில் யார் பேசணும், எப்போது பாட்டு, எப்போது கைதட்டல் என்று வெள்ளை மாளிகையில் உட்கார்ந்தே ஜான்சன் பார்த்துக்கொண்டார். மண்டபத்தில் அவருடைய பிரமாண்டமான படங்கள். கடைசி நாளான 27 அவருடைய 56ஆவது பிறந்த நாள். கென்னடியைப் பற்றிய நினைவுப் படம் ஒன்று முதலிலேயே காட்டுவதாக இருந்தது. அதைப் பார்த்து உருகிப்போய் பிரதிநிதிகள் ராபர்ட் கென்னடியைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக்கு என்று கிளம்பிவிட்டால்? படம் கடைசி நாளுக்குத் தள்ளப்பட்டது. துணை ஜனாதிபதி வேட்பாளர் அதற்குள் முடிவாகியிருக்கும். அவ்வளவு கவனம்.

இப்படி ஒரு மாநாட்டுக்குத் திட்டம் போடப்பட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், தெற்கே மிசிசிப்பியில் இன்னொரு திட்டமும் நடந்துகொண்டிருந்தது. நான் எழுத வந்தது அதைப்பற்றி.

மிசிசிப்பியின் மக்கள்தொகையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கறுப்பர்கள். ஓட்டுப்போடும் வயது வந்த கறுப்பர்களில் வாக்காளராகப் பதிவானவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. பதிவு அலுவலகத்தில் மாநில அரசியல் சாசனத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். விளக்கம் சரியா தப்பா என்று சொல்வது அங்கே உட்கார்ந்திருக்கும் வெள்ளை அதிகாரி. அதையும் மீறிப் போனவர்களுக்கு வேலை போகும், வீடு போகும், சில பேருக்கு உயிரும் போகும். மாநில ஜனநாயகக் கட்சி என்பது வெள்ளைக்காரர்களின் சொத்து.

1963 நவம்பரில் மாணவர் அமைப்பான எஸ்.என்.சி.சி. தோழர்களும் மற்றவர்களும் ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினார்கள். சர்ச்சிலும் கடையிலும் பெட்டி வைத்தார்கள். கிட்டத்தட்ட எண்பதாயிரம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 'கறுப்பனுக்கு ஓட்டுல அக்கறை இல்லை' என்கிற பேச்சுக்கு அதுவே பதில். 1964 ஏப்ரல் 26ஆம் தேதி ஜாக்சன் நகரில் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி தொடங்கப்பட்டது.

அவர்கள் செய்த வேலையை நிதானமாகப் பார்க்கணும். கோபத்தில் தடாலடியாகக் கிளம்பிப் போனவர்கள் இல்லை அவர்கள். ஜூன் மாதம் மாநிலக் கட்சியின் அடிமட்டக் கூட்டங்கள் நடக்க வேண்டிய நாளில் கறுப்பர்கள் அங்கங்கே போய் நின்றார்கள். சில இடங்களில் கதவு பூட்டியிருந்தது. சில இடங்களில் கூட்டமே நடக்கவில்லை. சில இடங்களில் உள்ளே விட்டும் பேசவிடவில்லை. இதையெல்லாம் சாட்சியமாக எழுதி வைத்துக்கொண்டார்கள். பிறகு கட்சி விதி என்ன சொல்கிறதோ அதே வரிசையில் தங்கள் கூட்டங்களை நடத்தினார்கள். முதலில் வட்டாரம், பிறகு கவுண்டி, பிறகு தொகுதி, கடைசியில் மாநிலம். இதற்கிடையில் ஜூன் 21ஆம் தேதி ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் காணாமல் போனார்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரு மண் அணைக்கட்டுக்கு அடியிலிருந்து பிணங்களை எடுத்தார்கள். ரெண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 6ஆம் தேதி ஜாக்சனில் மாநில மாநாடு கூடியது. ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனம். எல்லா பேக்கர் முக்கிய உரை நிகழ்த்தினார். தலைவர்களை மட்டும் நம்பாதே, உன் காலில் நில் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த பெண்மணி. அங்கே 68 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நாலு பேர் வெள்ளையர், மற்றவர்கள் கறுப்பர். வாரத்துக்கு உழுதவர்கள், வீட்டுவேலை செய்தவர்கள், சின்ன விவசாயிகள், ஆசிரியைகள், ஒரு மருந்துக்கடைக்காரர். கட்சித் தலைவர் லாரன்ஸ் கையோ மாநாட்டு நாட்களில் ஜெயிலில் இருந்தார். 'ஜனநாயக' என்ற பெயரையே நீங்கள் பயன்படுத்தக்கூடாது என்று மாநில நீதிமன்றம் தடை வேறு போட்டிருந்தது. பேர் வைத்துக்கொள்ளக்கூட அனுமதி வேணும்!

பஸ் ஏறி அட்லாண்டிக் சிட்டிக்குப் போனார்கள். மாநாட்டு மண்டபத்திலிருந்து தள்ளி ஒரு சின்ன ஓட்டலில் ஓர் அறைக்குப் பல பேராகத் தங்கினார்கள். அவர்களுடைய கணக்கு எளிமையானது. வழக்கறிஞர் ஜோசப் ராவ் போட்டுக்கொடுத்தது. சான்றுக் குழுவில் பதினோரு பேர் ஆதரித்தால் பிரச்சினையை மாநாட்டின் முழு அவைக்குக் கொண்டுபோகலாம். எட்டு மாநிலங்கள் கேட்டால் மாநிலம் மாநிலமாகப் பேர் சொல்லி ஓட்டெடுக்க வேண்டும். டி.வி.யில் நாடு பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மாநிலம் எழுந்து 'வெள்ளையர் கட்சிக்கே எங்க ஓட்டு' என்று சொல்லும்? ஜான்சன் பயந்தது இந்த ஓட்டெடுப்புக்குத்தான். 1948இல் மிசிசிப்பிக்காரர்களும் அலபாமாவில் பாதிப்பேரும் மாநாட்டைவிட்டு வெளிநடப்புச் செய்த நினைவு அவருக்கு இருந்தது. தெற்கு போய்விடும் என்றார்.

ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. சான்றுக் குழு முன்னால் ஃபேனி லூ ஹேமர் வந்து உட்கார்ந்தார். இருபது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. சிறுவயதிலிருந்தே பருத்தி எடுத்தவர். சுமார் எட்டு நிமிசம் பேசினார். கையில் காகிதம் இல்லை. 1962 ஆகஸ்ட் 31ஆம் தேதி பதினெட்டுப் பேராக வாக்காளர் பதிவுக்குப் போனதையும், பதினெட்டு வருசம் வேலை செய்த பண்ணையிலிருந்து அன்றைக்கே வெளியேற்றப்பட்டதையும் சொன்னார். தான் தங்கியிருந்த வீட்டின் மீது பதினாறு தடவை சுட்டதைச் சொன்னார். 1963 ஜூனில் வினோனா ஜெயிலில் போலீஸ்காரர்கள் கறுப்புக் கைதிகள் ரெண்டு பேர் கையில் தடியைக் கொடுத்துத் தன்னை அடிக்கவைத்ததைச் சொன்னார். ஒருத்தன் களைத்துப்போனதும் அடுத்தவன். நம்மாளை வைத்தே நம்மை அடிப்பது அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமான வித்தை இல்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சி வெள்ளை மாளிகைக்குத் தாவியது. ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டியிருந்தார். துணை ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். டல்லாஸில் அந்தச் சம்பவம் நடந்து ஒன்பது மாதம் ஆகிறது என்றார். அதைச் சொல்லவா நாட்டின் கேமராவையெல்லாம் கூப்பிட்டார்? ஆனால் அந்தத் தந்திரம் திருப்பி அடித்தது. ராத்திரி செய்தி நேரத்தில் ஹேமரின் சாட்சியத்தை எல்லா நிறுவனங்களும் ஒளிபரப்பின. வேலை முடித்து வீடு திரும்பிய சனங்கள் பார்த்தார்கள். தந்தி குவிந்தது.

பிறகு நடந்ததை நம்மால் ஊகிக்க முடியும். சான்றுக் குழுவில் ஆதரவு சொன்னவர்களை ஒவ்வொருத்தராகப் பிடித்தார்கள். ஒரு பெண் உறுப்பினரின் கணவருக்குக் கிடைக்கவிருந்த நீதிபதி பதவி போய்விடும் என்று ஜாடை காட்டினார்கள். துணை ஜனாதிபதி பதவிக்குக் காத்திருந்த ஹியூபர்ட் ஹம்ஃப்ரியிடம் 'இதை முடித்துக்கொடு' என்று பொறுப்பு விட்டார்கள். கறுப்பர் உரிமைக்காக 1948 மாநாட்டில் பேசிப் பேர் வாங்கியவர் அவர். தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ராய்ட்டரை வரவழைத்தார்கள். எஃப்.பி.ஐ. ஒரு குழுவையே அனுப்பியது. மார்ட்டின் லூதர் கிங்கின் ஓட்டல் அறையிலும் எஸ்.என்.சி.சி. அலுவலகத்திலும் ஒட்டுக்கேட்டார்கள். சில ஏஜெண்டுகள் நிருபர் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பேட்டி எடுக்கிற மாதிரி விவரம் கறந்தார்கள். 1970களில் செனட் விசாரணைக் குழு கிளறியபோது இதெல்லாம் வெளியே வந்தது. வேட்பாளர் தேர்வு மாநாட்டுக்குத் திட்டமிடுதல் என்றால் இதுவும் சேர்த்துத்தான்.

செவ்வாய்க்கிழமை சமரசம் தயாரானது. சுதந்திரக் கட்சிக்கு ரெண்டு இடம். அதுவும் மிசிசிப்பி பேரில் இல்லை, பொதுப் பிரதிநிதிகளாக. மற்றவர்கள் 'விருந்தாளிகள்'. வெள்ளையர் குழு கட்சி வேட்பாளரை ஆதரிப்போம் என்று கையெழுத்துப் போட்டால் அவர்களுக்கே மாநிலத்தின் இடம். 1968இலிருந்து பாகுபாடு காட்டும் குழுக்களை அனுமதிக்க மாட்டோம் என்று ஒரு வாக்குறுதி. அந்த ரெண்டு பேர் யார் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். மருந்துக்கடை ஆரன் ஹென்றி. டூகலூ கல்லூரியின் வெள்ளைப் பாதிரியார் எட் கிங். ரெண்டு பேருமே நல்ல போராளிகள், சந்தேகமில்லை. ஆனால் 68 பேரில் ஒரு வாரக்குடி இல்லையா? ஒரு பெண் இல்லையா? இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறை டி.வி.யில் 'சுதந்திரக் கட்சி ஏற்றுக்கொண்டது' என்று செய்தி ஓடியது. பாப் மோசஸ் கோபத்தோடு வெளியேறினார்.

'ரெண்டாவது கிடைச்சுதே, வாங்கிட்டு வர வேண்டியதுதானே' என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. பேயர்ட் ரஸ்டின் அப்படித்தான் வாதாடினார். கிங் ரெண்டுங்கெட்டானாக இருந்தார். எதிர்ப்பு வேறு, அரசியல் வேறு, அரசியலில் பாதி கிடைத்தால் வாங்கணும் என்ற பேச்சு யூனியன் டெம்பிள் சர்ச்சில் நடந்த கூட்டத்தில் பலமாகவே எழுந்தது. படித்தவர்கள், கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஹேமர், ஆனி டிவைன், விக்டோரியா கிரே ஆகிய பெண்கள் மறுத்தார்கள். எல்லாருமே களைத்துப்போயிருக்கோம், இவ்வளவு தூரம் வந்தது ரெண்டு இடத்துக்காக இல்லை என்றார் ஹேமர். கூட்டம் நிராகரித்தது.

இதை வெறும் பிடிவாதம் என்று என்னால் எழுத முடியவில்லை. காரணம் நம்ம வரலாறுதான். 1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு கொடுத்த தனித்தொகுதியையும் இரட்டை ஓட்டையும் எரவாடா உண்ணாவிரதத்தைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு 148 இடம் தந்தார்கள். தலித் வாக்காளர்கள் முதல்கட்டத் தேர்தலில் நாலு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நாலில் யார் சட்டசபைக்குப் போவது என்பதைப் பொது வாக்காளர்கள், அதாவது சாதி இந்துக்கள், முடிவு பண்ணுவார்கள். எண்ணிக்கை கூடியது. ஆளைத் தீர்மானிக்கிற கை மாறியது. அம்பேத்கர் கடைசிவரை ஆறாமல் பேசியது இதைப்பற்றித்தான். அட்லாண்டிக் சிட்டியில் ரெண்டு என்ற எண்ணைவிட, அந்த ரெண்டு பேரையும் மேலே இருந்தவர்களே பெயர் குறித்ததுதான் உறுத்துகிறது. வட்டாரத்திலிருந்து மாநிலம் வரைக்கும் படிப்படியாகக் கூடித் தேர்ந்தெடுத்த ஒரு சனத்திடம், உன் ஆள் யார் என்று நான் சொல்கிறேன் என்றார்கள்.

சமரசத்தை மாநாடு குரல் ஓட்டில் சில நொடிகளில் நிறைவேற்றிவிட்டது. வெள்ளையர் குழுவில் மூன்று பேர் தவிர மற்றவர்கள் கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆக அவர்களையும் திருப்திப்படுத்த முடியவில்லை. மிசிசிப்பி நாற்காலிகள் காலியாக இருந்தன. வேறு மாநிலத்துத் தோழர்களிடம் பேட்ஜ் இரவல் வாங்கிக்கொண்டு சுதந்திரக் கட்சிக்காரர்கள் உள்ளே போய் அதில் உட்கார்ந்தார்கள். மறுநாள் போனபோது அந்த நாற்காலிகள் அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. ஊராட்சி மன்றத் தலைவராக ஜெயித்துவந்த தலித்துக்கு நாற்காலி போடாத ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அங்கேயே நின்றார்கள். மேடையில் கைதட்டலோடு ஜான்சனும் ஹம்ஃப்ரியும் வேட்பாளர்கள் ஆனார்கள்.

நவம்பரில் ஜான்சன் நாடு முழுக்க அமோகமாக ஜெயித்தார். மிசிசிப்பியில் மட்டும் நூற்றுக்கு 87 ஓட்டு எதிர்வேட்பாளர் கோல்ட்வாட்டருக்கு விழுந்தது. யாருக்குப் பயந்து கதவை அடைத்தாரோ அவர்கள் எப்படியும் போய்விட்டார்கள்.

அட்லாண்டிக் சிட்டியில் இருந்த ஸ்டோக்லி கார்மைக்கேல் அடுத்த வருசம் அலபாமாவின் லவுண்டஸ் கவுண்டிக்குப் போனார். நூற்றுக்கு எண்பது கறுப்பர்கள் இருந்தும் 1965 தொடக்கத்தில் பதிவான ஒரு கறுப்பு வாக்காளர்கூட இல்லாத இடம் அது. பெரிய கட்சியின் வாசலில் இனிமேல் நிற்கப்போவதில்லை என்று அங்கத்திய மக்கள் தனிக்கட்சி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அங்கே சின்னம் வேண்டும், நம்மூர் மாதிரியே. அந்த மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன் மேலே 'வெள்ளையர் மேலாண்மை' என்று எழுதியிருந்தது. இவர்கள் எடுத்த சின்னம் கருஞ்சிறுத்தை. 1966இல் அதை ஓக்லண்டில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் எடுத்துக்கொண்டார்கள். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ். பிறகு அது மதுரைக்கு வந்து சேர்ந்த கதை நம்மவர்களுக்குத் தெரியும்.

1968 சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் வெள்ளையர் குழு வெளியே நிறுத்தப்பட்டு, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழு உள்ளே வந்தது. ஹேமர் தன் இடத்தில் போய் உட்காரும்போது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கலவர மாநாட்டுக்குப் பிறகு விதிகளும் மாறின. 1968இல் பிரதிநிதிகளில் கறுப்பர் நூற்றுக்கு ஐந்தாறு பேர், பெண்கள் 13 பேர். 1972இல் அது 15, 40 என்று ஆனது. இது சின்ன விசயம் இல்லை. ஆனால் சிகாகோவுக்குப் போன மிசிசிப்பிக் குழுவில் வழக்கறிஞர்களும் வசதியானவர்களும் கூடியிருந்தார்கள். நாலு வருசத்துக்கு முன்னால் பஸ்ஸில் வந்த வாரக்குடிகள் பலருக்கு அதில் இடமில்லை. ஏழை சனத்தை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று ஹேமர் அந்தக் குழுவில் இருந்துகொண்டே குறைப்பட்டார்.