பதிப்பு

'பதி' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் பதிப்பு. அழுந்தச் செய்தல் அதன் அடிப்பொருள். அச்சுநூலுக்கு வழங்கிய சொல் இன்று மென்பொருளுக்கும் வழங்குகிறது. நாளும் திருத்தப்படும் நிரலுக்கு 'வடிவம்' என்பதே பொருந்தும் என்று வாதிடலாம். நிரல் மாறட்டும், எண்ணிட்டு வெளியிட்டது மாறக்கூடாது. திருத்தினால் புது எண் இட வேண்டும். அந்த உறுதியைப் பதிப்பு என்ற சொல்லே தாங்குகிறது.

அந்த எண் தசம எண் அன்று. புள்ளியால் பிரித்த முழு எண்களின் வரிசை. 2021இல் வந்த பைத்தான் நிரல்மொழியின் 3.10, 3.9க்கு அடுத்த பதிப்பு. இரண்டையும் வெறும் எழுத்துச்சரங்களாக ஒப்பிட்டால் 3.9 பெரிதாகிவிடும். யாம்ல் அமைவுக் கோப்பில் மேற்கோள்குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால், அது தசம எண்ணாகப் படிக்கப்பட்டு 3.1 ஆகிவிடும். பைத்தான் தன் பதிப்பை முழு எண்களாகப் பிரித்தும் தருகிறது. ஒப்பிட அதையே எடுக்க வேண்டும்.