பழைய ஆம்ப்ளிபயரும் பழுது பார்க்கும் கையும்

மெல்லிய ஓசையை மின்சாரத்தால் பேரோசையாக்கும் கலைக்கு வயது அதிகமில்லை. 1904-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இரு முனை வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையைச் சேர்த்தார். வலை எனப்படும் அம்முனையில் படும் சிறு மின் அசைவு, பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைத்தது. ஆம்ப்ளிபயருக்கு வழி பிறந்தது.

ஓசை பெருகியதேயன்றித் தெளிவு பெருகவில்லை. வால்வுகள் ஒலியைத் திரித்தே தந்தன. இக்குறைக்கு மருந்து கண்டவர் ஹரால்டு பிளாக் என்ற தொலைபேசித் துறைப் பொறியாளர். 1927 ஆகஸ்டு 2-ஆம் நாள் நியூயார்க்கில் வேலைக்குப் படகேறிச் செல்கையில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. வெளிவருவதில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி நுழைவாயிலுக்கே திருப்பினால் திரிபு பெரிதும் குறையுமே! கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை வரைந்து கொண்டார். காப்புரிமை கிட்டியதோ 1937-இல்தான்.

இந்நெறியை இல்லந்தோறும் கொண்டு சென்ற பெருமையில் வில்லியம்சன் என்ற பொறியாளருக்குப் பெரும் பங்குண்டு. 1947 ஏப்ரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற பிரித்தானிய ஏட்டில், 15 வாட் ஆம்ப்ளிபயர் ஒன்றின் வரைபடத்தை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார். பல நாட்டு ஆர்வலரும் அதைப் பார்த்துத் தம் கையாலேயே செய்து கொண்டனர். 1953-இல் பீட்டர் வாக்கரின் நிறுவனம் புகழ்பெற்ற 'குவாட் 2' ஆம்ப்ளிபயரை வெளியிட்டது. ஆனால் 1947-இன் இறுதியிலேயே அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்திருந்தது. 1967-இல் வாக்கரின் நிறுவனமும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரை விற்பனைக்குக் கொணர்ந்தது. வால்வின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

ஆயினும் அப்பழைய பெட்டிகள் பல இன்றும் பாடுகின்றன. காரணம், அவை பழுது பார்ப்பதற்கு ஏற்பச் செய்யப்பட்டவை. கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினால் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும்; கைக்கு எட்டும்; ஈயத்தை உருக்கி எடுத்து மாற்றலாம்.

எல்லா உறுப்புகளும் ஒருசேர முதுமை அடைவதில்லை என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் கொண்ட நல்ல டிரான்ஸ்பார்மர் அறுபது ஆண்டு கடந்தும் உழைக்கும். கண்டன்சர்கள் அப்படியல்ல. எலக்ட்ரோலிட்டிக் வகை உலர்ந்து போனால் உறுமல் எழும். காகிதச் சுருள் வகையில் ஈரம் ஏறினால் மின்சாரம் கசியும். குவாட் 2-இல் சிறு வால்வுக்கும் பெரிய கேடி66 வால்வுக்கும் இடையே நிற்கும் கண்டன்சர் கசிந்தால், வரக்கூடாத மின்னழுத்தம் பெரிய வால்வின் வலைக்கு வந்துவிடும். வால்வு அளவு மீறி மின்சாரத்தை இழுக்கும். அதன் தகடு சிவக்கும். இரு பெரிய வால்வுகளுக்கும் பொதுவான 180 ஓம் ரெசிஸ்டர் கருகும். கவனியாது விட்டால் டிரான்ஸ்பார்மரே எரிந்து போகலாம். அற்ப விலைப் பொருள் ஒன்று, கிடைத்தற்கரிய பொருளை அழித்துவிடுகிறது!

ஆகவே, பரணிலிருந்து இறக்கியவுடன் "பாடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடுவது பெருந்தவறு. கைதேர்ந்தவர் கசியும் கண்டன்சர்களை மாற்றி, ரெசிஸ்டர்களை அளந்து, பிறகே மின்சாரம் கொடுப்பார். அப்போதும் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துக் கொள்வார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், பெட்டி பிழைக்கும். மேலும், 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சர்களில் தங்கியிருக்கக் கூடும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டரில் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். இதில் அசட்டை உயிருக்கே உலை வைக்கும்.

மாற்ற வேண்டியதை மாற்றி, காக்க வேண்டியதைக் காப்பதே நல்ல செப்பனிடல். செய்த மாற்றங்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியுடன் வைத்தால், பின்வருபவர் நம்மை வாழ்த்துவார். தாம் அறிந்ததை வில்லியம்சன் ஊரறியச் சொன்னார். அப்பண்பே இத்தொழிலை வாழ வைத்தது. நம் இல்லத்துப் பரணிலும் இத்தகைய பெட்டி உறங்குமாயின், பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் கைதேர்ந்த ஒருவரிடம் காட்டுவோமாக. அவர் அருகில் ஓர் இளைஞரையும் அமரச் செய்வோமாக. பெட்டி நிலைத்தாலும், அதைத் திறக்கத் தெரிந்த கை இல்லையேல் பயன் என்ன?