துக்கியீம், பாவோ, தோகை: ஒரு பெயர்ப்பும் அதன்மேல் எழுந்த சான்றும்

பழந்தமிழரின் கடல்வணிகம் பற்றிய நூல்களில் ஒரு செய்தி அடிக்கடி இடம்பெறும். சாலமோன் மன்னனுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் ‘துக்கியீம்’ ஒன்று. அது ‘தோகை’ என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபு. ஆகவே மயில் தமிழகத்திலிருந்து சென்றது என்பதே அது. 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் இக்கருத்துக்கு வலுவூட்டியது. முனைவர்பட்ட ஆய்வின் தொடக்கத்தில் நானும் இதனை ஐயமின்றி எடுத்தாண்டேன். துக்கியீம் மயிலைத்தான் குறித்தது என்பதற்கு யாது சான்று என்னும் வினா அப்போது எழவில்லை.

எபிரேய விவிலியத்தில் இச்சொல் ஒரே செய்தியைக் கூறும் ஈரிடங்களில் (1 அரசர் 10:22, 2 குறிப்பேடு 9:21) மட்டுமே வருகிறது. பொருளை உய்த்துணர வேறு சூழல் இல்லை. பழைய கிரேக்கப் பெயர்ப்பாகிய எழுபதின்மர் பெயர்ப்பிலோ மயிலே இல்லை. அரசர் நூலில் செதுக்கிய கற்கள் பேசப்படுகின்றன. குறிப்பேட்டில் தந்தமும் குரங்கும் உள்ளன, அடுத்த பொருள் விடுபட்டிருக்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெத்லகேமில் தங்கி, எபிரேய மூலத்திலிருந்து இலத்தீனில் பெயர்க்கத் தொடங்கிய எரோணிமு (ஜெரோம்) கிரேக்கப் பாடத்தை விடுத்து ‘பாவோ’ என்னும் மயிற்பெயரை இட்டார். யூதரின் அரமேயப் பெயர்ப்பாகிய தார்குமும் மயிலையே சுட்டுவதால், அவர் யூத ஆசிரியர்களிடம் கற்ற மரபைப் பின்பற்றினார் எனக் கருதலாம். மேலும், மயில் உரோமானியரின் தோட்டத்திலும் விருந்திலும் பழகிய பறவை. இலத்தீன் வாசகருக்கு அப்பெயர் தடையின்றிப் புரிந்திருக்கும். வுல்காத்தா எனப்படும் அவரது பெயர்ப்பு மேலைத் திருச்சபையில் நிலைபெற்றபின், பெயர்ப்பே சொல்லின் பொருளாயிற்று.

கால்டுவெல் காலத்து மொழிநூலார் இப்பொருளை முடிந்த முடிபாகக் கொண்டே தமிழில் மூலம் தேடினர். பின்வந்தோர் அத்தமிழ் மூலத்தைக் காட்டி, அப்பொருளை உறுதி செய்தனர். மயில் என்பதால் தோகை, தோகை என்பதால் மயில்! எபிரேய எழுத்தில் உயிர்க்குறிகள் பல நூற்றாண்டுகள் கழித்தே இடப்பட்டமையால், ஓகார உகர வேறுபாட்டைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் அவ்வாறு தளர்த்தினால், ஒப்பிட எஞ்சுவன தகர ககரங்களே. அவை பிறமொழிச் சொற்களோடும் பொருந்தக்கூடும். ஆல்பிரைட்டு எகிப்திய மொழியில் குரங்கு வகையொன்றைக் குறிக்கும் சொல்லை முன்வைத்தார். பட்டியலில் முந்திய பொருளும் குரங்கே என்பது கருதத்தக்கது. தற்கால எபிரேயத்திலோ ‘துக்கி’ கிளியைக் குறிக்கிறது.

தோகைத் தொடர்பை நான் மறுக்கவில்லை. தமிழ் விவிலியத்தில் அச்சொல் ‘மயில்’ என்றே வழங்குகிறது. தோகையாகச் சென்றதாகச் சொல்லப்படுவது மயிலாகத் திரும்பியது, இடையில் பாவோவாக இருந்தது. என் ஆய்வேட்டில் இச்சான்றை வணிகம் பற்றிய இயலிலிருந்து நீக்கி, பெயர்ப்பு வரலாறு பற்றிய இயலில் சேர்த்துள்ளேன்.