கப்பற் பட்டியலும் திருமுழுக்கு ஏடும்

மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் தலைமுறை அட்டவணையைத் திருப்பலியில் வாசிக்கும் நாளில் மக்களின் முகங்களைக் கவனித்திருக்கிறோம். பெயர்மேல் பெயராக நீளும் அவ்வரிசையைக் கேட்டுப் பெரியோர் சலிப்படைவர், சிறுவர் நெளிவர். குருமடத்தில் விவிலியம் பயின்ற காலத்தில் நாமும் அப்பகுதியை விரைந்து கடந்தவர்களே. தந்தையர் பெயர்களே அடுக்கி வரும் அப்பட்டியலில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, மரியா என ஐந்து பெண்கள் இடம்பெற்றிருப்பதன் சிறப்பைப் பேராசிரியர் விளக்கியபோது, தேர்வுக்கு உதவும் என்று குறித்துக்கொண்டோம். அது நம் உள்ளத்தைத் தொட்டது பல ஆண்டுகளுக்குப் பின், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண்மணியின் வாயிலாகத்தான்.

தவக்காலத்து மாலை ஒன்றில் அவர் நம் பங்கு இல்லத்து வாயிலில் வந்து நின்றார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தர்பன் நகரைச் சேர்ந்த கத்தோலிக்கர். அம்மா, ஆயா, சோறு என்னும் சில சொற்கள் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. தம் கொள்ளுப்பாட்டனார் 1882ஆம் ஆண்டு சென்னையில் கப்பலேறியவர் என்றும், அவருடைய ஊர் நம் பங்கின் கிளைக்கிராமங்களுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்றும் ஆங்கிலத்தில் கூறினார். கையிலிருந்த கோப்பைத் திறந்து, இணையத்திலிருந்து அச்சிட்டு வந்த ஒரு தாளைக் காட்டினார்.

“தகப்பனார் பெயர் இதில் இருக்கிறது, ஃபாதர். அவருடைய தாயின் பெயர் எங்கும் இல்லை. உங்கள் கோவில் புத்தகத்தில் இருக்குமா?” என்று கேட்டார்.

அந்தத் தாளின் பின்னணியை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம்.

எண் பெற்ற மனிதர்கள்

பிரித்தானியப் பேரரசில் 1834இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளின் தேவை ஒழியவில்லை. அடிமைகளின் இடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அழைத்துச் செல்லப்பட்டனர். மொரீசியசு தீவுக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் சென்றனர். அவர்கள் கரையேறிய போர்ட் லூயி துறைமுகப் படிக்கட்டுகள் உள்ள ‘ஆப்பிரவாசி காட்’ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்றத்துக்கு முதலாவது சென்றவர்கள் நம் சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்டவர்களே. ‘துரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று தர்பனை அடைந்தது. பத்து நாட்களுக்குப் பின் கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடேர்’ வந்து சேர்ந்தது. இந்திய அரசு 1911இல் இதனைத் தடைசெய்யும் வரையில் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர்கள். முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியோர்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி சுமத்தப்பட்டது. 1913இல் தொழிலாளர் திரண்டெழுந்து வேலைநிறுத்தம் செய்தபின், மறு ஆண்டில்தான் அவ்வரி நீங்கியது.

கப்பலில் சென்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. குடியேற்ற எண் என்பது அதன் பெயர். சம்பளம், அனுமதிச் சீட்டு, திருமணம், பிள்ளைப்பேறு, சாவு என எல்லாப் பதிவுகளிலும் அந்த எண் அவரைத் தொடர்ந்தது. கப்பற் பட்டியலில் அவ்வெண்ணுக்கு நேராகப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளங்கள் ஆகியன எழுதப்பட்டன. தாயின் பெயருக்குக் கட்டம் இல்லை.

இப்பட்டியல்களைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தவர்களுள் சுரேந்திர பானா, ஜாய் பிரெயின் ஆகிய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். நேட்டாலுக்குச் சென்ற இந்தியக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஜாய் பிரெயின் 1983இல் தனி நூலே எழுதியிருக்கிறார். பின்னாளில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்தூலி ஆவண மையம் இப்பட்டியல்களை இணையத்தில் வெளியிட்டது. பேரேடுகளில் உறங்கிக் கிடந்த பெயர்கள் இவ்வாறு பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டின.

காதால் தேடுதல்

கைக்கு எட்டியது கருத்துக்கு எட்டுவதற்கு அப்பெண்மணிக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. தாம் கற்ற தேடும் முறையை அவர் நமக்குப் பொறுமையுடன் சொல்லித் தந்தார். நம் பங்கின் இளைஞர் ஒருவர் கணினியை இயக்க, நாம் மாணவராக அமர்ந்தோம்.

முதற்பாடம், தேடலைக் கணினியில் தொடங்கலாகாது என்பது. வீட்டிலுள்ள பழைய பெட்டியில் தொடங்க வேண்டும். மூத்தோரின் நினைவு, திருமணச் சான்று, இறப்புச் சான்று, செபப் புத்தகத்தின் உட்பக்கத்தில் எழுதி வைத்த பிறந்தநாள்கள் எல்லாம் சாட்சிகளே. அவர் தம் குடும்பப் பெயரை வைத்துப் பட்டியலில் தேடித் தேடி ஏமாந்த பின்னர், பாட்டனாரின் பிறப்புப் பதிவில் தந்தையின் குடியேற்ற எண்ணைக் கண்டார். அந்த எண்ணே திறவுகோலாயிற்று.

இரண்டாம் பாடம், கண்ணால் தேடாமல் காதால் தேட வேண்டும் என்பது. எழுத்தறியாத உழவர் தம் பெயரைச் சொல்ல, தமிழறியாத எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். நம் முதலியார் அங்கே ‘மூட்லி’ ஆனார். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். பலருக்கு ஒற்றைப் பெயரே இருந்ததால் தந்தையின் பெயரே பின்னர் குடும்பப் பெயராக நிலைத்தது. எனவே ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதக்கூடுமோ அத்தனை விதமாகவும் எழுதித் தேட வேண்டும். முதலிரண்டு எழுத்தோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். தந்தை பெயரைக் கொண்டும் ஊர்ப் பெயரைக் கொண்டும் பார்க்க வேண்டும். வயதை நம்பலாகாது, அது பெரும்பாலும் மதிப்பீடுதான்.

கிறிஸ்தவப் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும், யோசேப்பைச் சூசை என்றும் நம் முன்னோர் அழைத்தனர். குருக்களோ திருமுழுக்கு ஏட்டில் இலத்தீனில் எழுதினர். ஆகவே ஏட்டில் ‘பெத்ருஸ்’ என்றிருப்பவர் வீட்டில் இராயப்பன், கப்பலில் ‘ரோயாப்பென்’. ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள். இம்மூன்றும் ஒன்றே என்பதை எந்தக் கணினியும் தானாக அறியாது. அதனை அறிந்தவர்கள் நம் பங்குகளில் வாழும் முதியோரே.

அந்த அம்மையார் கொணர்ந்த தாளில் இருந்தவரும் ‘ரோயாப்பென்’ தான். தந்தை பெயர் ‘சவரி’. வயது 22. அடுத்த எண்ணுக்கு உரியவர் ‘இனாசி’. அவருக்கும் தந்தை பெயர் சவரி, வயது 18. மாவட்டம் தென்னாற்காடு. ஊர்ப் பெயரோ உருத்தெரியாமல் சிதைந்திருந்தது. நம் உபதேசியார் அதை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு, “இது நம்ம கிழக்குக் கிராமம்தான் சாமி, ‘ழ’ வராமல் எழுதியிருக்கிறான்” என்றார்.

இரு சாட்சிகளின் வாய்மொழி

ஒரே சாட்சியை நம்பி எதையும் முடிவு செய்யலாகாது என்பது மோசேயின் சட்டம். குடும்ப வரலாறு தேடுவோர்க்கும் அதுவே சட்டம். பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது. சவரி மகன் இராயப்பன் ஊருக்கு ஒருவர் இருப்பார். எனவே பழைய ஏட்டை அலமாரியிலிருந்து எடுத்தோம். சில பக்கங்களைச் செல் அரித்திருந்தது. உடையும் தாள்களைத் தாங்கித் தாங்கிப் புரட்டினோம்.

1857ஆம் ஆண்டுப் பதிவுகளில் பெத்ருஸ் இருந்தார், தந்தை சவேரியுஸ். கப்பற் பட்டியலின் வயதுக்கும் இதற்கும் மூன்றாண்டு வேறுபாடு. உறுதி செய்ய இன்னும் தேடினோம். 1863இல் அதே பெற்றோருக்கு, அதே ஊரில், இஞ்ஞாசியுஸ் என்றொரு மகன். பட்டியலில் அடுத்தடுத்த எண்களில் நின்ற இரு சகோதரர்களும் ஏட்டிலும் இருந்தனர். ஐயம் நீங்கியது. இரு பதிவுகளிலும் தாயின் பெயர் ‘லூச்சியா’ என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

அந்த அம்மையார் அப்பெயரின்மேல் விரலை வைக்கத் தயங்கினார். “தொடலாமா, ஃபாதர்?” என்று கேட்டார். நாம் தலையசைத்தோம். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

அடக்கப் பதிவேட்டையும் பார்த்தோம். லூச்சியா, கைம்பெண், 1891இல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இரு புதல்வர்களும் கடல் கடந்து போனதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மக்கள் ஏன் போனார்கள் என்பதைத் திருச்சபையின் ஏடு எழுதவில்லை. யாரை விட்டுப் போனார்கள் என்பதைக் கப்பலின் ஏடு எழுதவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கப்பற் பட்டியலில் அந்தச் சகோதரர்களின் சாதிக்கான கட்டத்தில் ‘கிறிஸ்தவர்’ என்றே இருந்தது. நம் ஏட்டிலோ, கடவுளின் பிள்ளையாகப் புதுப்பிறப்பு அடைந்த அன்றே, பெயரின் பக்கத்தில் சாதியும் குறிக்கப்பட்டிருந்தது. ஆதாயத்துக்காக எழுதிய எழுத்தர் விட்டுவிட்டதைக் குரு விடவில்லை. அதைக் காட்டும்போது நமக்கு வெட்கமாயிருந்தது.

புறப்படும் வேளையில் அவர் கூறிய ஒரு செய்தி நம்மை நிலைகுலையச் செய்தது. இத்தேடலைத் தொடங்கியவர் அவருடைய அண்ணன். நான்கு ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியிலுள்ள கோவில்கள் பலவற்றுக்கும் மடல் எழுதிக் கேட்டாராம். ஒன்றுக்கும் மறுமொழி வரவில்லை. சென்ற ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். இதனை அவர் குறையாகச் சொல்லவில்லை. அண்ணன் உடன் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு நம் மேசை இழுப்பறையைத் தேடினோம். திருமண ஓலைகளுக்கும் கட்டட இரசீதுகளுக்கும் அடியில் தென்னாப்பிரிக்க அஞ்சல் தலையுடன் அம்மடல் கிடந்தது. உறையின்மேல் ‘பிறகு பார்க்க’ என்று நம் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. ஒரு பிற்பகல் வேலை. நான்கு ஆண்டுகளாக அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் பங்குத்தந்தையர் திருமணப் பதிவேட்டைக் கவனமாகக் காத்துவர வேண்டும் என்று கட்டளையிட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண், பழைய பதிவேடுகளையும் அக்கறையுடன் பேணச் சொல்கிறது. பேணுதல் என்பது அலமாரியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தோம். கேட்டு வருபவருக்கு விடை சொல்லாத ஏடு எத்தனை பாதுகாப்பாக இருந்தும் பயன் என்ன? நேட்டாலில் பணியாற்றிய அமலமரி தியாகிகள் சபையின் சபோன் அடிகளார், கரும்புத் தோட்டங்களிலிருந்த நம் மக்களுக்காகத் தமிழைக் கற்றார். பிரெஞ்சு நாட்டில் பிறந்த அவர் ஒரு மொழியையே கற்றார். நாம் ஒரு மடலுக்கு மறுமொழி எழுதவில்லை.

இப்போது நம் பங்கு இளைஞர்கள், மறைமாவட்ட அனுமதியுடன், பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வருகின்றனர். வாழ்வோரின் விவரங்கள் வெளியாகாதபடி அண்மைக் கால ஏடுகளைத் தவிர்த்துள்ளோம். முதியோர் சிலர் மாலையில் வந்தமர்ந்து, சிதைந்த ஊர்ப்பெயர்களை வாய்விட்டுப் படித்து அடையாளம் சொல்கின்றனர். வாசகர்கள் தத்தம் இல்லங்களில் மூத்தோரைக் கேட்டுப் பாட்டியரின் பெயர்களையேனும் எழுதி வைப்பார்களாக. பாட்டனார் பெயர் பத்திரங்களில் இருக்கும். பாட்டியின் பெயர் நினைவில் மட்டுமே இருக்கும்.

நவம்பர் 2ஆம் நாள் இறந்தோர் நினைவுத் திருப்பலியில் பங்கின் மரித்தோர் பெயர்களை வாசிப்பது நம் வழக்கம். அவ்வாண்டு அதில் நான்கு பெயர்களைச் சேர்த்தோம்: லூச்சியா, அவர் மக்கள் இராயப்பன், இன்னாசி, நமக்கு மடல் எழுதிய அந்த அண்ணன். பட்டியல் நீண்டது, சிறுவர் நெளிந்தனர். நாம் விரைந்து வாசிக்கவில்லை.