டெல்லி கணேஷ்: அய்யரும் ரிக்‌ஷாக்காரரும்

நம்மிடம் எழுதப்பட்டிருக்கிற சினிமா வரலாறு நாயகர்களின் வரலாறு. போனால் போகட்டும் என்று கொஞ்சம் இயக்குநர்களுக்கும் இடம் உண்டு. மீதிப் பேரையெல்லாம் 'குணச்சித்திர நடிகர்' என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். யாருடைய குணம், யார் தீட்டிய சித்திரம் என்று கேட்பதில்லை. 2024 நவம்பர் 9 அன்று தனது 80ஆவது வயதில் இறந்துபோன டெல்லி கணேஷை முன்வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

1944இல் பிறந்தவர். ஊர் தாமிரபரணிக் கரை வல்லநாடு. 1964 முதல் பத்தாண்டு விமானப்படை வேலை. டெல்லித் தமிழர்களின் தட்சிண பாரத நாடக சபாவில் மேடையேறி, பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு. 1977இல் 'பட்டினப்பிரவேசம்' படத்துக்குக் கொண்டுவந்து, பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்தவர் பாலசந்தர். திராவிட இயக்கச் சொல்லாடலில் டெல்லி என்றால் அதிகாரம், இந்தி. இங்கோ அது உத்தியோகத்துக்குப் போன இடத்தில் சாயங்காலம் நாடகம் போட்டவர்களின் டெல்லி.

1979இல் துரையின் 'பசி'. காகிதம் பொறுக்கும் குப்பம்மாவாக ஷோபா. அவளுடைய அப்பா, ரிக்‌ஷாக்காரர், கணேஷ். சபா மேடையின் உச்சரிப்பு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய நாக்கில் சேரிச் சென்னைத் தமிழ். கேலி செய்வதற்காகப் பேசப்பட்ட மெட்ராஸ் பாஷை இல்லை அது. வீட்டில் சோறு கேட்கிற, கோபப்படுகிற, உடைந்துபோகிற ஒருத்தனின் பேச்சு. தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. சரி, பரிசு கொடுத்தாயிற்று; அந்த உடலை அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்?

1987இல் 'நாயகன்'. பாத்திரத்துக்குப் பெயரே அய்யர். இந்தி தெரியாத வேலு நாயக்கருக்கு மொழிபெயர்ப்பவர். தாராவியின் தமிழனுக்கும் பம்பாயின் இந்திக்கும் நடுவில் ஒரு அய்யரை நிறுத்துவது தற்செயலா? காலனியக் கச்சேரிகளிலிருந்து வரும் துபாஷி உறவு கதைக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது ரொம்ப இயல்பாகவும் படுகிறது, அதுதான் விஷயம்.

1990இல் 'மைக்கேல் மதன காமராஜன்'. பாலக்காட்டு மணி அய்யர். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுகிறது. தீட்டு என்கிற ஆயிரம் வருஷத்துப் பயம் ஒரு சமையல்கட்டுக் குளறுபடியாகச் சுருங்க, அரங்கம் சிரிக்கிறது. நானும் சிரித்தவன்தான், இப்போதும் சிரிப்பேன். அந்த முகத்தின் பதற்றம் அவ்வளவு துல்லியம். ஆனால் சிரிப்பு இரண்டு வேலை செய்கிறது: ஆசாரத்தைக் கேலி செய்கிறது, அதே கையோடு ஆசாரக்காரரை எல்லோருக்கும் பிடித்தவராகவும் ஆக்கிவிடுகிறது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) அவரை வில்லன் ஆக்கியது. பெயர் பிரான்சிஸ் அன்பரசு. வில்லனாகும்போது மதம் மாறியிருப்பதைக் கவனியுங்கள்.

400 படங்களுக்கு மேல் நடித்தார். 'கஸ்தூரி', 'செல்லமே' என்று தொலைக்காட்சித் தொடர்களும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டன. நடுத்தர வர்க்கக் கூடத்தில், சாய்வு நாற்காலியும் பேப்பருமாக, அப்பா, மாமா, தாத்தா. 'பசி'யின் ரிக்‌ஷாக்காரரும் அப்பாதான். அந்த அப்பாவைத் தேடிக்கொண்டு யாரும் இவரிடம் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.